குறி சொல்லாத டாக்டரம்மா

ரெட்டிபாளையத்துப் புகைபோக்கி முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது. சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். யாரும் விரட்டவில்லை. இருமல் நிற்கவில்லை, கிளம்பிவிட்டேன். வழக்கமாக நான் வேலையை விடக் காரணம் எதுவும் இருக்காது; அந்த முறை ஒன்று இருந்ததே அதிகம். அரியலூர் வரை நடந்து, அங்கே ஒரு லாரியில் தொற்றிக்கொண்டேன். பெரம்பலூர் நாலு ரோட்டில் இறக்கிவிட்ட டிரைவர், "வெள்ளிக்கிழமைதான, சிறுவாச்சூர் போயிடு. சோத்துக்குப் பஞ்சமிருக்காது" என்றார்.

சிறுவாச்சூர் காளி கோயிலில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். அதனால் ஒரு வாரத்துக் கஷ்டம் முழுவதும் அந்த இரண்டு நாளில் வந்து சேரும். சாப்பிட்டுவிட்டு நிழல் தேடியபோது, ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு மேசையும் காலி நாற்காலியும் தெரிந்தன. மேலே 'இலவச மனநல முகாம்' என்று பேனர். அத்தனை கூட்டத்திலும் அந்த மரத்தடிக்கு மட்டும் யாரும் வரவில்லை. பேனரைப் படித்தவர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நடந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கும் அம்மா. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மாணவிகளோடு இங்கே வந்து உட்கார்வாராம். கூட்டம் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. கூட்டத்துக்கு அப்படிக் கொள்கை எதுவும் இல்லை.

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். நிழலுக்காகத்தான்.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலீங்க மேடம். கால் வலி."

"தூக்கம்?"

"இடம் கெடச்சா வரும்."

மாணவிகள் அதையும் எழுதிக்கொண்டார்கள். ஒருவன் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்துச் சிலர் சுற்றி நின்றார்கள். கோயில் பக்கத்தில் ஒருவர் எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசினால் அது குறி கேட்பது என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். கொஞ்ச நேரத்தில் ஏமாந்துபோனார்கள்.

"என்னாடி இது, கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க?"

"புதுசு போல. இன்னும் வாக்கு வரல."

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் தன் புருஷனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். எறையூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர்கள். பின்னால் அந்தப் பெண்ணின் அண்ணன், வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு. மச்சானை ஒரு மடத்தில் கொண்டுபோய் விட ஏற்பாடு. பாய், தட்டு, துணி எல்லாம் வேனில் ஏறியிருந்தன. வழியில் காளியைக் கும்பிட இறங்கியிருந்தார்கள். அது மாதிரி மடம் ஒன்றில் நான் சோறு வடித்திருக்கிறேன். புத்தி சரியில்லை என்று கொண்டுவந்து விடுபவர்களைக் காலில் சங்கிலி போட்டு மரத்தில் கட்டுவார்கள். நீளமான சங்கிலி, நிழலோடு நகர்ந்துகொள்ளலாம். அதை வசதி என்று சொல்வார்கள்.

நான் எழுந்து இடம் விட்டேன். கணவரை உட்காரவைத்து, அந்தப் பெண் ஓர் எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"இவருக்கு என்னம்மா பண்ணுது?"

"நீங்கதான சொல்லணும்."

"எத்தனை நாளா இப்படி இருக்காரு?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாதக்கணக்கில் யாரோடும் பேசாதவர் என்று பிறகு தெரிந்தது. மனைவி அவர் தோளை அழுத்தினார்: "நீங்க பேசாதீங்க."

குறி கேட்கப் போகிறவர் ஒரு வார்த்தை விடக் கூடாது. விட்டால் அதை வைத்தே மீதியைச் சொல்லிவிடுவார்கள். வந்த காரணத்தைக் குறி சொல்பவரே சொன்னால்தான் நம்பலாம். அந்தப் பெண் முறையாகத்தான் சோதித்தார்.

"வா போவலாம். அந்தம்மாவுக்கே தெரியல" என்றார் அண்ணன். "பொழுது சாஞ்சா மடத்துல கதவச் சாத்திடுவான்."

மேடம் மாணவிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த மனிதரை வெகுநேரம் பார்த்தார். தொளதொளத்த சட்டை, குழிந்த கண்.

"விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துடுது. அப்பறம் தூக்கம் இல்ல. சோறு மண்ணாட்டம் இருக்கு. வயலுக்குப் போவணும்னு நெனைக்குறீங்க, எந்திரிக்க முடியல. எல்லாம் ஒங்களாலதான் கெட்டுச்சுன்னு தோணுது."

"தாயே!" என்று மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கணவர் சத்தமில்லாமல் அழுதார்.

மேடம் குனிந்து ஒன்றே ஒன்று கேட்டார். "உசுரோட இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணுதாங்க?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். அது மனைவிக்கும் தெரியாத விஷயம். கன்னத்தில் இருந்த கை அங்கேயே நின்றது.

"இது சாபம் இல்லம்மா, சீக்கு. மருந்து இருக்கு. மாத்திரை எழுதற டாக்டர் நான் இல்ல. காலையில பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, நானும் வரேன். தனியா மட்டும் விடாதீங்க. பூச்சி மருந்து வூட்டுல இருந்தா எடுத்துடுங்க."

"கேரண்டி உண்டா?" என்றார் அண்ணன்.

"இல்லீங்க."

"மடத்துல உண்டுன்னான்."

"அவன் இவர பாக்கவே இல்லியே, எப்படிச் சொன்னான்?" என்றார் தங்கை. "இவங்க பாத்துட்டுல்ல இல்லங்குறாங்க."

அண்ணன் பாயையும் தட்டையும் ரோட்டில் இறக்கிவைத்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள். "மேடம், நாம கேக்கத்தான் செய்யணும், சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பரீட்சைல அப்படியே எழுதும்மா."

அதற்குள் மேசைமுன் வரிசை சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் எலுமிச்சம்பழம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பாயைச் சுருட்டி அந்தப் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்தேன்.

"தம்பி எந்த ஊரு?"

"ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப சும்மாதான இருக்கீங்க? கரும்பு வெட்டு நடக்குது, நான் வயல்ல நின்னாவணும். பகல்ல இவருகூட யாரும் இல்ல. காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்களேன்."

அவர்கள் பெரம்பலூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். எழுந்ததும் வேறு பக்கம் போகத்தான் நினைத்தேன். கால் ஆஸ்பத்திரிப் பக்கம் போனது. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார். வாசலில் மேடம் என்னைக் கேட்டார்: "மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும். அதுவரைக்கும் இருப்பீங்களா?" அதுவரை என்னை எல்லோரும் எப்போது போவாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். "பாக்கலாங்க" என்றேன். "பாக்கலாம்லாம் வேணாம்" என்றார். "சரிங்க" என்றேன்.

எறையூரில் மனைவி வயலுக்குப் போனதும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்குக் காவலா?" என்றார் அவர்.

"ஆமாங்க."

"நான் எங்கனயாவது நடந்துட்டன்னா?"

"கூடவே வருவேன். நடக்கறதுல எனக்குச் சிரமமில்லீங்க."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு எழுந்து தண்ணீர்க் குடத்தருகே போனார். நானும் எழுந்து பின்னால் போனேன். அதுதான் வேலை.