தொள்ளாயிரம் ஆட்டமும் ஒரு காக்காயும்

முத்தியால்பேட்டையில் இறங்கி, கம்ப்யூட்டரில் கேம் ஆட இடம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பூக்காரியிலிருந்து பஞ்சர் ஒட்டுகிறவர் வரை எல்லோரும் ஒரே பக்கம்தான் கை காட்டுவார்கள். அஞ்சலாட்சி கடை. அவளுக்கு வயசு அறுபத்தொன்று. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் எட்டு கம்ப்யூட்டர், எட்டு நாற்காலி, ஒரு ஏசி என்று தனி மனுஷியாக நின்று நடத்துகிறாள். படித்தவர்கள் போட்ட கடைகள் இரண்டு அதே தெருவில் மூடிப்போயின. இவள் கடை நிற்கிறது. இதை நாலு பேரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம் கிடையாது. உள்ளதைச் சொல்ல என்ன கூச்சம்?

பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கடற்கரைக் குப்பமான வீராம்பட்டினம். இருபத்தைந்து வயசில் தலையில் ஏறிய மீன்கூடை ஐம்பத்தைந்தில்தான் இறங்கியது. விடியும்போது கரையில் நிற்பாள். வலை உதறி முடிப்பதற்குள் எது இன்றைய மீன், எது நேற்றையது என்று கண்ணாலேயே பிரித்துவிடுவாள். பிறகு டெம்போ ஏறி முத்தியால்பேட்டைக்கு வந்து, தெருத் தெருவாக நடை. முப்பது வருசத்தில் மீன் மிச்சத்தோடு வீடு திரும்பிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. கூடையை அவள் யாருக்கும் திறந்து காட்டமாட்டாள். மேலே போட்ட ஈரச்சாக்கு போட்டபடியே இருக்கும். வாசலில் இறக்கி வைத்ததும் முதலில் வீட்டுச் சேதி கேட்பாள். மருமகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள் என்றால், சாக்குக்கு அடியில் கையை விட்டு, பால் ஊறட்டும் என்று பால்சுறாவை எடுப்பாள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் இருந்தால் கிழங்கான். விருந்தாளி வருகிறார் என்றால் வஞ்சிரம். எடுத்துக் காட்டுவது ஒன்றுதான், மிஞ்சினால் இரண்டு. வாங்குகிறவர்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். அவள் எடுத்தது சரியாகத்தான் இருக்கும்.

முழங்கால் போன பிறகு கூடை போயிற்று. மகன் ராஜா அப்போது முத்தியால்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்தான், இரண்டு வருசத்தில் பாரிசுக்குப் பயணம் கட்டிவிட்டான். போகும்போது கம்ப்யூட்டரையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னான். அவள் தள்ளவில்லை. விற்கத் தெரிந்தவளுக்கு எந்தச் சரக்காக இருந்தால் என்ன என்று கடையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பத்துப் பன்னிரண்டு ஆட்டம்தான் இருந்தது. காரோட்டுவது, துப்பாக்கி சுடுவது, பந்தடிப்பது. அவற்றின் பெயர்களை அவளால் படிக்க முடியாது. படத்தைப் பார்த்துத் தானே பெயர் வைத்துவிட்டாள். தாடிக்காரன், செவப்பு வண்டி, பொக்கைவாய் ராஜா. ஆட வருகிறவர்களும் கடைசியில் அந்தப் பெயர்களையே சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்த வருசப் பொங்கலுக்கு ராஜா ஒரு காரியம் செய்தான். நெட்டில் பெரிய தள்ளுபடி என்று மொத்தமாக வாங்கி, அங்கிருந்தபடியே எட்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டான். தொள்ளாயிரம் ஆட்டம். எல்லாம் இண்டி கேம் என்று போனில் சொன்னான். பக்கத்து ஜெராக்ஸ் கடை விஜயராகவன்தான் அதற்கு அர்த்தம் சொன்னார். மில்லில் குமாஸ்தாவாக இருந்தவர், பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறவர். பெரிய கம்பெனி இல்லாமல், ஒருவர் இரண்டு பேராக வீட்டில் உட்கார்ந்து தாங்களே செய்கிற ஆட்டம் என்றார். ஒவ்வொரு நாளும் உலகத்தில் எங்காவது பத்து இருபது புதிதாக வந்து விழுந்துகொண்டே இருக்குமாம்.

அஞ்சலாட்சிக்குச் சட்டென்று பிடிபட்டது. பெரிய கம்பெனி ஆட்டம் விசைப்படகு மீன். இது கட்டுமரத்து மீன். கட்டுமரத்துக்காரன் வீட்டில் பிறந்தவள் என்பதால் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அன்றைக்கே பெயின்டர் அம்மாவாசையைக் கூப்பிட்டு, வாசல் போர்டில் ஆள் உயரத்துக்கு எழுதச் சொன்னாள்: இங்கு 900 விளையாட்டுகள்.

வினை அங்கேதான் வந்தது.

செந்தமிழ்ச்செல்வி என்று ஒருத்தி. முப்பது வயசு இருக்கும், இரண்டு பிள்ளைகள். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் வேலை. சனிக்கிழமை அரைநாள். மூன்று மணிக்கு வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்துக்கு எழுந்திருப்பாள். வாரத்தில் அவளுக்கென்று உள்ள நேரம் அந்த இரண்டு மணிதான். கேம் ஆடப் போகிறேன் என்று மாமியாரிடம் நேராகச் சொல்லிவிட்டே வருவாள். இரண்டு வருசத்தில் நாலு ஆட்டத்தை அடி முதல் நுனி வரை முடித்தவள்.

தொள்ளாயிரம் வந்ததிலிருந்து அவள் ஆடுவது நின்றுபோயிற்று. வருவாள், லிஸ்ட்டைத் திறப்பாள், மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போவாள். ஒன்றைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு மூடுவாள். இன்னும் நல்லதாகக் கீழே இருக்குமோ என்று மறுபடியும் தள்ளுவாள். மூன்று சனிக்கிழமை இப்படியே போயின. அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் சனிக்கிழமை செல்வி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"இனிமே நான் வரலம்மா. இன்னிக்கும் ஒண்ணும் ஆடல. பாத்துக்கினே இருந்தேன், மணி அஞ்சாயிடுச்சி. வீட்ல படுத்துத் தூங்கினாலாவது ஒடம்புக்கு ஆகும்."

கோபத்தில் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். கோபமாக இருந்தால் அஞ்சலாட்சி பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள். அவளிடமிருந்து ஒருத்தி கையை வீசிக்கொண்டு திரும்பிப் போவது என்பது கூடைக் காலத்தில் நடக்காத சங்கதி.

பக்கத்துக் கடை வாசலில் நின்ற விஜயராகவன் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு அது வராது. முன்னே பன்னிரண்டு இருந்தது, ஜனம் ஆடியது, இப்போது தொள்ளாயிரம், ஜனம் வேடிக்கை பார்க்கிறது என்று தொடங்கி, வகை பெருகினால் வாய்க்கு ருசி தெரியாது என்று ஒரு பிரசங்கமே வைத்தார். பாதியை அழித்துவிடச் சொன்னார். முப்பது வருசம் அவள் கையால் மீன் வாங்கித் தின்றவர் என்ற உரிமை அவருக்கு.

அவள் விடவில்லை. "மீன் நெறைய விழுந்தா கரையில யாராவது அழுவாங்களா சார்? நெறைய விழுந்த அன்னிக்குத்தான் ஏழைப்பட்டவன் வீட்லயும் கொழம்பு கொதிக்கும்." செல்வியைப் பார்த்துத் திரும்பி, அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு ஏற்ற ஆட்டத்தைத் தானே எடுத்துக் கொடுப்பதாகவும், மணி ஐந்தானதே தெரியாமல் அவள் ஆடுவாள் என்றும், அப்படி ஆடாவிட்டால் போர்டைக் கழற்றி விஜயராகவன் கடைக்கே கொடுத்துவிடுவதாகவும் சத்தமாகச் சொன்னாள். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். இனி பின்வாங்க முடியாது.

மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கினாள். கரைக்குப் போன பழக்கம். அந்நேரம் கண் தானாக விழித்துக்கொள்ளும். வரிசையாகத் திறந்து பார்த்தாள். மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல, ஆட்டத்துக்கு முதல் கால்மணி. அதற்குள் தெரிந்துவிடும். பாதி வெந்தது, மற்றவனைப் பார்த்து ஈயடித்தது, காட்சி மட்டும் ஜோடித்து உள்ளே ஒன்றும் இல்லாதது என்று ஏகப்பட்டது கழிந்தது. ஆனால் நடுநடுவே ஒன்று வரும். இருட்டுக் கிணற்றில் இறங்கிக்கொண்டே இருப்பது. கண் தெரியாத ஒருவன் சத்தத்தை வைத்து வீடு திரும்புவது. இதையெல்லாம் எந்தக் கம்பெனி செய்யும், எவனோ தன் மனசில் இருந்ததை எடுத்து வைத்திருக்கிறான் என்று அவளுக்கே மனசு இளகும்.

ஒன்றை மட்டும் வந்த வேகத்தில் மூடினாள். காக்காய் ஆட்டம். ஒரு காக்காய் வீடு வீடாகப் புகுந்து திருடிக் கூடு கட்டுகிறது. வளைந்த கரண்டிக்குப் பரிசாக நட்சத்திரம் விழுந்தது, புதுக் கரண்டிக்கு ஒன்றுமில்லை. திருட்டிலும் புத்தி கெட்ட திருட்டு என்று திட்டிக்கொண்டே மூடினாள். கருவாடு காயப்போட்ட காலமெல்லாம் கையில் கழியோடு காக்காயோடு மல்லுக்கட்டியவள் அவள். அவள் கடையில் காக்காய்க்கு இடமா?

சனிக்கிழமை மூன்று மணிக்குச் செல்வி வந்தாள். விஜயராகவன் கத்தரிக்கோல் கேட்கிற சாக்கில் வந்து நின்றுகொண்டார். வாரமெல்லாம் நின்று வேலை செய்கிறவள், களைத்திருப்பாள் என்று கணக்குப் போட்டு, அஞ்சலாட்சி சாந்தமாக ஒன்றை வைத்துக் கொடுத்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றிப் பூ பறிக்கிற ஆட்டம். பத்து நிமிஷத்தில் செல்வியின் தலை ஆடியது. தூக்கம். எழுப்பி, ஆற்றில் படகு விடுகிற ஆட்டத்தை வைத்தாள். நல்லாத்தாம்மா இருக்கு என்று செல்வி சொல்லும்போதே அவள் கை லிஸ்ட்டைத் திறந்துவிட்டது. மறுபடியும் கீழே தள்ளல். மணி மூன்றே முக்கால். விஜயராகவன் போர்டை அண்ணாந்து பார்த்தார். அதைக் கழற்ற எத்தனை ஸ்க்ரூ என்று பார்ப்பது போல இருந்தது.

அஞ்சலாட்சி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருசமாக வருகிற இந்தப் பெண்ணிடம் ஒரு நாள்கூட ஒரு சேதி கேட்டதில்லை. கூடைக்காரியாக இருந்தபோது முதலில் கேட்டதை, கடைக்காரி ஆனதும் விட்டுவிட்டாள்.

"ஏ செல்வி, கம்பெனியில ஒன் கை என்னா வேலம்மா பண்ணும்?"

செல்வி சொன்னாள். மாத்திரை அட்டை பெல்ட்டில் ஓடி வரும். வளைந்தது, ஓட்டை விழுந்தது, மாத்திரை உடைந்தது எல்லாவற்றையும் கண்ணால் பிடித்துக் கையால் எடுத்துப் போடணும். எட்டு மணி நேரம். ஒன்று தப்பினால் சூப்பர்வைசரிடம் பேச்சு. சொல்லிக்கொண்டே ஸ்க்ரீனைப் பார்த்தவள் கொஞ்சம் நின்றாள்.

"இங்க வந்தும் அதான்மா பண்றேன். இது நொட்டை, அது நொள்ளைன்னு தள்ளிக்கினே இருக்கேன். கை நிக்க மாட்டேங்குது."

அஞ்சலாட்சிக்கு ஓர் ஆட்டம் ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. இத்தனை நாள் அடுத்தவர் வாய்க்கு என்ன ருசி என்று பார்த்துக் கொடுத்தவள், இந்த ஒன்றைத் தன் வாய்க்குப் பிடிக்கவில்லை என்று கழித்துப்போட்டிருந்தாள். வியாபாரத்தில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. விஜயராகவன் வேறு கேட்டுக்கொண்டு நிற்கிறார். நிற்கட்டும்.

"ஒண்ணு இருக்கு. எனக்குக் கட்டோட ஆவாது. ஒனக்கு ஆவுதான்னு பாரு" என்று காக்காயைத் திறந்துவிட்டாள்.

செல்வி பறந்தாள். முதல் வீட்டு ஜன்னலில் ஒரு நெளிந்த கரண்டி. எடுத்தாள், நட்சத்திரம் விழுந்தது. அடுத்து பல் போன சீப்பு, காது உடைந்த டீ கப், ஒற்றைச் செருப்பு. கோணலாக இருந்தால்தான் கூட்டில் நிற்கும், நேராக இருந்தால் சரிந்து விழும். அரைமணியில் அவள் குனிந்த முதுகு நிமிர்ந்தது. ஒரு வீட்டுக்காரர் துடைப்பத்தோடு துரத்தியபோது செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஓரத்து நாற்காலியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை. லிஸ்ட் பக்கம் அவள் கை போகவேயில்லை. ஐந்து மணி ஆனதை அஞ்சலாட்சிதான் சொல்ல வேண்டியிருந்தது.

"இத அப்படியே வைம்மா. கூடு பாதியில நிக்குது. அடுத்த வாரம் வந்து கட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, செல்வி படியிறங்கிப் போனாள்.

விஜயராகவனுக்குத் தோற்க மனசில்லை. ஆடியது ஒன்றுதானே, மீதி எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது எதற்கு, இப்போதாவது அழித்துவிடேன் என்றார்.

"பத்து ஆட்டம் போதும்னு ஒலகம் நின்னிருந்தா, கோணக் கரண்டி பொறுக்குற காக்காய எவன் சார் பண்ணியிருப்பான்? இந்தப் பொண்ணுக்குன்னு ஒண்ணு விழணும்னா வலையில தொள்ளாயிரம் விழுந்துதான் ஆவணும். கொறை மீன்ல இல்ல. முப்பது வருசம் ஒரு நாள் கூடையத் தெறந்து காட்டாதவ, இப்ப நடுத்தெருவுல கொட்டிட்டு, எடுத்துக்கோன்னு ஒக்காந்துட்டேன்."

தன்மேல் தப்பு என்று அவள் ஒத்துக்கொண்டதை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. கத்தரிக்கோலை வாங்காமலே போய்விட்டார்.

திங்கட்கிழமை அம்மாவாசை ஏணியோடு வந்தான். பந்தயத்தில் ஜெயித்த போர்டை எதற்கு அழிக்கிறாய் என்று விஜயராகவனே வந்து கேட்டார். 900 போயிற்று. அந்த இடத்தில், அதே ஆள் உயர எழுத்தில் புதிதாக ஒரு வரி ஏறியது: என்ன ஆடுவது என்று அஞ்சலாட்சியைக் கேட்கவும். விஜயராகவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துப்பிழை தேடினார். கிடைக்கவில்லை.

ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. சனிக்கிழமைக் கதை தெருவெல்லாம் பரவியிருந்ததால், அங்கே ஒரு காக்காய் வரையட்டுமா என்று அம்மாவாசை ஏணி மேலிருந்து கேட்டான்.

"காக்காயா? என் கடை வாசல்லயா? மீனை வரைடா."