சத்தம் அடங்கும் வரை

வெள்ளவத்தை வீட்டின் முன் அறையில் நாலு பேர் ஒன்றாகக் கதைத்தால், பலீலா டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். கோபம் இல்லை. காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ்களின் ஹோர்ன் கேட்கும் அளவுக்கு அறை அடங்கியதும், "ம், இனிச் சொல்லுங்க" என்பார். தண்ணீர் இணைப்புக்கு வந்தவரும் மகனின் அடையாள அட்டைக்கு வந்தவரும் அதற்குள் தாமாகவே வரிசையாகியிருப்பார்கள்.

கொட்டாஞ்சேனையில் பெண்கள் பாடசாலை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவர். பாராளுமன்ற உறுப்பினராகி இது இரண்டாம் வருடம். "எம்.பி. மேடம்" என்று கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்து நடந்துவிடுவார். பேனை இரவல் கொடுத்தால் மூடியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். மூடியில்லாத பேனை எப்படியும் திரும்பி வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அமைச்சர்களுக்கும் அதே விதிதான்.

சத்தம் அடங்கக் காத்திருக்கும் பழக்கம்தான் சபையில் அவர் காலை வாரியது. அவர் விட்டுவந்த இடம் பாடசாலையில் இன்னும் காலி. உயர்தர வகுப்புக்குத் தமிழில் கணிதம் படிப்பிக்க ஆளில்லாமல், பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கலைப்பிரிவுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லக் கிடைத்த சில நிமிடங்களில் எதிர்ப்பக்கம் ஒரே கூச்சல். டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கூச்சல் ஓயவில்லை. நேரம் முடிந்து ஒலிவாங்கிதான் ஓய்ந்தது.

அடுத்த மாதம் அமைச்சரிடம் நேரடியாகக் கேள்வி கேட்க ஒரு வாய்ப்பு வந்தது. அன்று காரில் அஸ்கா பக்கத்தில் இருந்தாள். பழைய மாணவி, இப்போது அவருடைய செயலாளர்.

"டீச்சர், இண்டைக்கும் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. அதுகள் அடங்காதுகள். நீங்க உங்கட பாட்டுக்குக் கதைங்க."

"சத்தத்துக்கு மேல கதைச்சா அண்டைக்குப் பாடம் போச்சு, மகள்."

"பாடம் போனாப் போகட்டும். எங்கட ஸ்கூலுக்கு டீச்சர் ஒராள் வரட்டும்."

சபையில் டீச்சர், வாழ்க்கையில் முதல் முறையாக, இரைச்சலுக்கு நடுவிலேயே கேள்வியைக் கேட்டு முடித்தார்.

அமைச்சர் எழுந்தார். விடயம் கவனத்தில் எடுக்கப்படும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு உட்காரப் போனார்.

டீச்சர் உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அரை விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்தார். பாதி குனிந்த அமைச்சர் மறுபடி நிமிர்ந்தார். இந்த முறை ஓடிக்கொண்டிருந்தது அமைச்சருடைய நேரம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. அமைச்சர் தாளைப் புரட்டினார், அதிகாரிகள் பக்கம் திரும்பினார், தொண்டையைச் செருமினார். அடுத்த தவணை தொடங்குமுன் கணித ஆசிரியர் நியமிக்கப்படுவார் என்றார். சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

டீச்சர் தலையசைத்தார். வலது உள்ளங்கையை மெல்லத் தாழ்த்திக் காட்டினார்.

அமைச்சர் உட்கார்ந்தார்.