வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஐம்பத்திரண்டு

காலை ஏழே காலுக்குக் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும் மோட்டார் சைக்கிள்களில் லாபிருடையதும் ஒன்று. வயது ஐம்பத்து நாலு. கப்பல்துறைக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில், வெளிநோயாளரைப் பதியும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் இருந்தவர். முதலில் மட்டையில் எழுதினார், பிறகு பெரிய கொப்பியில். கடைசி நாலு வருஷம் கம்ப்யூட்டர்.

இப்போது அவரை ஜன்னலுக்கு விடுவதில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. வந்து கையெழுத்து வைத்துவிட்டு, பழைய ஃபைல்கள் அடுக்கிய பின்னறையில் நாலு மணிவரை சும்மா இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. பத்திரிகையை ஒன்பதரைக்கே முடித்துவிடுவார். பிறகு மரண அறிவித்தல்களையும் வாசிப்பார்.

நடந்தது இதுதான். தோப்பூரில் ஓர் அபூதாஹிர், குச்சவெளியில் ஓர் அபூதாஹிர். இருவருக்கும் ஒரே வயது, இருவருக்கும் சீனி வருத்தம். ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டும் ஒரே ஆளின் பதிவு என்று எண்ணி யாரோ அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். தோப்பூர்க்காரருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற சிவப்பு வரி அதில் அழிந்துபோனது. மறுநாள் வார்ட்டில் அவருக்கு அந்த ஊசியையே போட்டார்கள். மனிதர் நாலு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து தப்பினார்.

யார் சேர்த்தது? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒரு பெயர்தான்: லாபிர். நேரம், பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

அந்த நேரம் லாபிர் ஜும்ஆவில் இருந்தார். பக்கத்தில் தொழுதவர்கள் சாட்சி. சொன்னால் தப்பலாம். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் ஜன்னலில் யார் இருந்தது என்பது. ராசமலர்.

ராசமலர் வெருகல் பக்கத்துப் பெண். அதே ஜன்னலில் பதினொரு வருஷமாகியும் நிரந்தரமாகாத நியமனம். இந்த வருஷம் கடிதம் வருமென்று சொல்லியிருந்தார்கள். தைப்பூசத்துக்கு அவர் லீவு எடுத்தால் லாபிர் தனியே சமாளிப்பார். வெள்ளிக்கிழமை லாபிர் பள்ளிவாசலுக்குப் போனால் அவர் சமாளிப்பார். ஜன்னலில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். லாபிரின் பெயரை மூடி, ராசமலரின் பெயரில் திறக்கப் பத்து நிமிஷம் எடுக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் வெளியே நிற்பவர்கள் ஜன்னலைத் தட்டத் தொடங்குவார்கள். ஆகவே மூடுவதில்லை.

வீட்டில் ஜெமீலா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"பள்ளிக்குப் போன எண்டு சொல்ல என்ன வெக்கம்? களவெடுக்கவா போன நீங்க?"

"சொன்னா அவட பேர் வரும்."

"வரட்டும். அவட கைதானே."

"அந்தக் கைதான் பதினொரு வருஷமா என்னைப் பள்ளிக்கு விட்டது."

"ஓ, நல்ல கதை. அப்ப அந்த மனிசனைச் சாகடிக்கப் பாத்தது லாபிர்தான் எண்டு ஊர் கதைக்கட்டும். மகளுக்கு மாப்பிள பாக்கிற நேரம் நல்ல பேர் எடுத்துத் தாறீங்க."

லாபிர் குழம்பில் உப்புக் கூட என்று மட்டும் சொன்னார். அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பொறுப்பதிகாரி வேறொரு வழி சொன்னார். "அண்டைக்கு மட்டும் மூட மறந்திட்டன் எண்டு எழுதுங்க. ஒரு நாள் மறதிதானே, எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும்." வெள்ளிக்கிழமை வழக்கம் அவருக்கும் தெரியும். தெரிந்தும் விட்டது வெளியே வரக் கூடாது என்பது அவர் கவலை.

ஒரு நாள் மறதி என்றால் ராசமலரின் பெயர் வராமலே போகலாம். லாபிர் அதை மனதில் எழுதிப் பார்த்துக்கொண்டு பிரகலாதனிடம் போனார். பிரகலாதன் கம்ப்யூட்டர் தடயங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதக் கொழும்பிலிருந்து வந்தவர். வயது முப்பத்தைந்துக்குள். கதிரையை இழுத்துப் போட்டு, தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினார்.

"ஐயா, ஒரு நாள் எண்டு எழுதாதேங்கோ." ஒரு கட்டுத் தாளைத் திருப்பினார். "நாலு வருஷத்தில நூற்றி எண்பத்தேழு வெள்ளிக்கிழமை. எல்லாத்திலயும் நீங்கள் பள்ளியில இருக்கிற நேரம் உங்கட பேர் வேலை செய்யுது. இன்னுமொண்டு. மற்ற நேரம் பத்து நிமிஷத்தில ஐஞ்சு பேரைப் பதியிறியள். வெள்ளி மத்தியானம் எட்டுப் பேர்."

அவ கெதியா அடிப்பா என்று வாய்வரை வந்ததை லாபிர் விழுங்கினார்.

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும்."

"தெரியிறது வேற, எழுதிறது வேற. எந்தப் பேரில நடந்தது எண்டுதான் நான் எழுதலாம். ஆரின்ர கை எண்டு எழுத ஏலாது. அது உங்கட வாக்குமூலத்தில வரோணும். வராட்டி வாசிக்கிறவை உங்கட கை எண்டுதான் எடுப்பினம். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கோ."

மறுநாள் எட்டு மணிக்கு லாபிர் ஜன்னலுக்குப் பின்பக்கமாகப் போய் நின்றார். ராசமலர் திரும்பவில்லை.

"தங்கச்சி, நான் பள்ளியில இருந்தனான் எண்டு எழுதப் போறன்."

"அடையாள அட்டையைத் தாங்கோ, ஐயா," என்று வெளியே நின்றவரிடம் சொல்லி, வாங்கி, அடித்து, பதிவுத் துண்டை நீட்டினார் ராசமலர். "அப்ப என்னை எழுதிற மாதிரித்தானே, லாபிர் நானா."

"ஓம்."

"அண்டைக்கு நூற்றி முப்பது பேர் நிண்டவை. ஒருத்தர் ஜன்னல் கம்பியைப் பிடிச்சு ஆட்டினவர். ஒரு அம்மா மயங்கி விழுந்தவ. அந்த ரெண்டு அபூதாஹிரும் ஒராள் எண்டுதான் நான் நினைச்சன். அதையும் எழுதுங்கோ." பிறகு வெளியே பார்த்து, "அடுத்த ஆள்!" என்றார்.

லாபிர் எழுதினார். முதலில் ராசமலரின் பெயர். வரிசை, கம்பி, மயங்கியவர், ஒரே கம்ப்யூட்டர், பொறுப்பதிகாரிக்கு வழக்கம் தெரியும் என்பது, எல்லாம் எழுதினார். இரண்டரைப் பக்கம்.

பிரகலாதன் வாசித்தார். "வரிசை இந்த அறிக்கைக்குள்ள வராது, ஐயா. நான் கம்ப்யூட்டரில நடந்ததை மட்டும்தான்..."

"அப்ப என்ட வாக்குமூலத்தையும் தாங்க. கொண்டு போறன்."

பிரகலாதன் பேனாவை மூடித் திறந்தார். "இணைப்பா வைக்கிறன். வாசிப்பினமோ தெரியாது."

அறிக்கை கொழும்புக்குப் போனது. பதில் வரவில்லை. மூன்று மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம் என்றார்கள். அடுத்த திங்கள் ராசமலரையும் ஜன்னலிலிருந்து எடுத்துப் பின்னறைக்கு அனுப்பினார்கள். நிரந்தரக் கடிதம் விசாரணை முடியும்வரை இல்லை என்று வாயால் சொன்னார்கள், எழுத்தில் கொடுக்கவில்லை.

மூன்று நாள் அவர் ஒரு சொல் பேசவில்லை. கதவைப் பார்த்தபடி இருந்தார். நாலாம் நாள் மத்தியானம், லாபிர் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கும்போது சொன்னார்:

"உங்கட இடத்தில நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பன். அதுக்காக உங்களோட கதைக்கோணும் எண்டில்லை."

"ஓம், தங்கச்சி."

"தங்கச்சி எண்டு கூப்பிடாதேங்கோ. பேரைத்தான் எழுதிக் குடுத்திட்டியளே. பேரைச் சொல்லுங்கோ."

"ஓம், ராசமலர்," என்றார் லாபிர்.

நாலு மணிக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது.