ஒரு பெயர் குறைந்த கண்ணாடி ஃபைல்

கெட்டுப்போன டேட்டாபேஸைச் சரி செய்கிறவருக்கு ஒரு தனி மரியாதை உண்டு: எல்லாம் ஓடும்வரை அவரை யாருக்கும் தெரியாது, நின்றுபோனால் கெடுத்ததே அவர்தான். இந்தத் தொழிலில் என்னைப் போலத் திட்டு வாங்கிய சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

எண்பதுகளின் கடைசி. விழுப்புரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. திண்டிவனத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி எங்கள் கஸ்டமர். ஊர் ஊராகக் கேம்ப் போட்டு, கண்புரை ஆபரேஷன் செய்து, கண்ணாடி கொடுப்பார்கள். அதற்கு இரண்டு ஃபைல். ஒன்றில் ஆளின் பெயர், இன்னொன்றில் கண்ணாடி பவர். இரண்டையும் வரிசையை வைத்துத்தான் கோத்திருந்தார்கள். இங்கே மூன்றாவது ஆள் என்றால் அங்கே மூன்றாவது பவர். ஒரு பெயர் விழுந்துவிட்டால், அதற்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஒரு படி ஏறி அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள். எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் கட்டிவைத்துப் போனது.

பம்புசெட் நேரம்

மழை பொய்த்த வருஷம். ஆஸ்பத்திரி இருந்தது வயல் லைனில். மும்முனை கரண்ட் வந்ததும் சுற்றுவட்டாரத்து நிலக்கடலை வயல்களின் பம்புசெட்டெல்லாம் ஒன்றாகக் கிளம்பும், எங்கள் டியூப்லைட் துடிக்கும். அன்று பெயர் ஃபைலில் எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது மெஷின் பொசுக்கென்று அணைந்தது. திரும்பப் போட்டுப் பார்த்தால் பெயர் ஃபைலில் ஒரு ஆள் குறைவு. யார் என்று தெரியவில்லை.

வெளியே கம்பத்தடியில் நின்ற லைன்மேனிடம் போய்ச் சண்டை போட்டேன். இந்த பம்புசெட்டுகளைக் கொஞ்சம் முன்னே பின்னே போடச் சொல்லக் கூடாதா என்றேன். அவர் வாயிலிருந்த பீடியை எடுக்காமலே சொன்னார்: "கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லன்னா அது தூங்கும், அவ்ளோதாம்மா. மல்லாட்டைக்குத் தண்ணி இல்லன்னா செத்துடும். நீ போயி உன்னுத எழுப்பிக்க."

பொட்டு வைத்த பிளாப்பி

போனால் போகிறது, காப்பி எடுத்து வைத்த பிளாப்பி இருக்கிறதே என்று பீரோவைத் திறந்தேன். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பூஜையன்று நான் லீவு. ஆஸ்பத்திரி மானேஜர் பக்திமான். மெஷினுக்கு, கீபோர்டுக்கு, பிரிண்டருக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்தவர், பிளாப்பிகளையும் விடவில்லை. உள்ளே தட்டு தெரிகிற திறப்பு இருக்கிறதே, அதிலேயே பார்த்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். எல்லாம் காய்ந்து ஓடாகியிருந்தது. டிரைவில் போட்டால் அம்மிக் குழவி அரைக்கிற சத்தம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மானேஜர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "எல்லாத்துக்கும் வச்சிட்டு இதுக்கு மட்டும் வக்காம வுட்டா அது கோச்சிக்காதாம்மா?"

ரிப்பன்

கண்ணாடி ஆர்டர் அன்றைக்கே மெட்ராஸுக்குப் போயாக வேண்டும். இருக்கிறபடியே அச்சடி என்றார் மானேஜர். பாதிப் பேருக்குக் கண்ணாடி மாறிவிடும் சார் என்றேன். "பட்டிக்காட்டு ஜனம்மா. எதக் குடுத்தாலும் கும்பிட்டு வாங்கிக்கினு போவாங்க" என்றார். அதுதான் சுருக்கென்று தைத்தது. தப்பான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெரியாதது தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொள்வார்கள். வல்லத்தில் கழனி பார்க்கும் என் அப்பாவும் அந்த ஜனம்தான்.

இனி எப்படி அச்சடிப்பார் பார்ப்போம் என்று பிரிண்டரின் மை ரிப்பனைக் கழற்றி டிபன் பாக்ஸோடு என் பைக்குள் போட்டேன். மானேஜர் அங்கிருந்தே என் முதலாளிக்கு போன் போட்டுக் கத்திவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். வேலை போனால் போகட்டும் என்றுதான் வாங்கினேன். முதலாளி சொன்னார்: "கஸ்டமர் போனா நீயும் போவணும், தெரியுமில்ல? அது சரி, ரிப்பன் யாருது? நம்முளுதா? அப்ப அத அங்க வுட்டுட்டு வராத."

நடு ஆளைக் கூப்பிடு

நல்லவேளை, ஆபரேஷன் ஆனவர்கள் அன்று மறுபரிசோதனைக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மானேஜரைப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் பாதி தெம்பு வந்தது. வரிசையின் நடுவில் இருந்த அனந்தபுரத்துக்காரரைக் கூப்பிட்டு டாக்டரம்மா பவர் பார்த்தார். ஃபைலில் உள்ளதோடு பொருந்தியது. அப்படியானால் அவருக்கு மேலே எல்லாரும் பத்திரம், கோளாறு கீழேதான். கீழ்ப் பாதியின் நடு ஆளைக் கூப்பிட்டோம், பொருந்தவில்லை. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனதில், இரண்டு பேருக்கு நடுவே இடைவெளி பிடிபட்டது. விழுந்த ஆள் யார்?

எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகும் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பம், அஞ்சலை என்று பெயர். அந்த இடைவெளியில் இருந்த பவர் அவளுக்கு அச்சாகப் பொருந்தியது. பெயரைச் சேர்த்தேன். இனிமேல் யாரும் யார் மேலும் ஏறாதபடி இரண்டு ஃபைலிலும் அவரவர் ஆஸ்பத்திரிச் சீட்டு நம்பரைப் போட்டேன். ரிப்பனை மாட்டி அச்சடித்தேன். நடந்ததை அஞ்சலையிடம் சொன்னதும் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்: "நான் ஒருத்தி இல்லன்னா இத்தினி பேரு கண்ணும் பேஜாரா? அப்ப அந்த மானேஜர இட்டுக்கினு வா, எம் பேர நல்லா மனப்பாடம் பண்ணிக்கட்டும்!"

மெஷினைப் பழுது பார்க்கத்தான் எங்களுக்குச் சம்பளம், மனுஷரை எதிர்த்து நிற்பதெல்லாம் இனாம்.