கிடாருக்குப் போட்ட சாம்பிராணி

2004-ஆம் வருடம், ஆடி மாதம். சிவகாசியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது இது. ஆடிக் கடைசி வெள்ளிக்குக் குடும்பத்தோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்காக என் கொழுந்தனார் திருப்பூரிலிருந்து வருகிறேன் என்று போன் செய்திருந்தார். நாலு வருடத்தில் அவர் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை.

அவர் வீட்டைவிட்டுப் போனதே கிடாரால்தான். கல்யாண வீடுகளில் கச்சேரி செய்யும் ஒரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை பார்த்த என் மாமனாருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "இது சோறு போடுமாலே?" என்று ஒருநாள் மகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டார். பாதிச் சாப்பாட்டில், கிடாரைக்கூட எடுக்காமல் எழுந்து போனவர்தான். அதன்பிறகு அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவே இல்லை. எனக்கு மட்டும் எப்போதாவது தெருமுனைக் கடைக்குப் போன் வரும். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "மதினி, கிடார் இருக்கா?" என்பார். "பத்திரமா இருக்கு" என்பேன் நானும். போய்ப் பார்த்தால்தானே!

அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். உறை இல்லாமல் ஆணியில் தொங்கியது. அதன்மேல் மாமனாரின் பழைய வேலைச் சட்டை. வேலைக்குப் போன காலமெல்லாம் சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றி அதில்தான் மாட்டுவார். இருமல் வந்து வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியும் அந்தச் சட்டை அங்கேயே கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுக் கிடாரை இறக்கினேன். கம்பி எல்லாம் துரு. நடுவில் இருக்கும் வட்ட ஓட்டையில் மூக்கை வைத்தேனோ இல்லையோ, குமட்டிக்கொண்டு வந்தது. எலிப் புழுக்கை, பூசணம், அதோடு கந்தக நெடி வேறு.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தன் பொருளை இந்த வீடு குப்பையாகப் போட்டு வைத்திருக்கிறது என்று நினைத்தால், வந்த வேகத்தில் அடுத்த பஸ் ஏறிவிடுவார். அப்புறம் அந்த மனுஷரை யார் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

சுத்தம் செய்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு வெளிப்பக்கம் முழுவதும் துடைத்தேன். பளபள என்று ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் நாற்றத்துக்கு என்ன செய்வது? எங்கள் அம்மா வீட்டில் எந்த நாற்றத்துக்கும் ஒரே வைத்தியம் சாம்பிராணிதான். நான் விருதுநகரில் பருப்பு மண்டி வாசத்தில் வளர்ந்தவள். சிவகாசிக்கு வந்தும் காலண்டர் ஆபீஸில் தாள் ஒட்டும் வேலைதான். பட்டாசைப் பற்றித் தீபாவளிக்கு வெடிப்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

சாம்பிராணிக் கரண்டியில் நெருப்புக் கங்குகளை நிரப்பி வாசலில் வைத்து, புகை உள்ளே போகட்டும் என்று கிடாரைக் குப்புறப் பிடித்தேன். உள்ளிருந்து கொஞ்சம் தூசி கங்கில் விழுந்தது. வெள்ளை வெளேரென்று இரண்டு மூன்று பொறி. கம்பி மத்தாப்பு மாதிரி அவ்வளவு அழகு! என் புத்தியைப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் விழட்டும் என்று கிடாரின் முதுகைத் தட்டக் கையை ஓங்கினேன்.

"ஏத்தா! தட்டாத! பெட்டியத் தூக்கிட்டு அங்கிட்டு ஓடு!"

எதிர்வீட்டு அக்கா. பட்டாசு கம்பெனி வேனில் இருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். அவருக்கும் எனக்கும் அவ்வளவாக ஆகாது. வேலை முடிந்து வந்தால் யாரோடும் நின்று பேசமாட்டார். சொந்தப் பிள்ளை ஓடி வந்தால்கூடத் தொடவிடமாட்டார். சந்து வழியாகப் பின்பக்கம் போய்க் குளித்து, கட்டியிருந்த சேலையை வாளித் தண்ணீரில் முக்கிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். 'பெரிய ஆசாரக்காரி' என்று நான் பலரிடம் கேலி பேசியிருக்கிறேன்.

கிடாரைத் தூக்கிக்கொண்டு விலகினேன். அந்த அக்கா தெருவிலேயே எட்ட நின்று, "எம் மேலயும் மருந்து இருக்கு, நான் கிட்ட வரமாட்டேன். ஒரு குடம் தண்ணிய எடுத்துக் கங்குல ஊத்து" என்று கத்தினார். ஊற்றினேன். அவர் போய்க் குளித்துவிட்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஈரச் சாக்கோடு வந்தார். ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி வெள்ளி நிறத்தில் மின்னியது.

"அலுமினியப் பவுடரு. கந்தகமும் கலந்து கெடக்கு. உங்க மாமா சட்டையில இருந்து தெனமும் விழுந்திருக்கு. இம்புட்டும் மொத்தமாக் கொட்டியிருந்தா உம் மூஞ்சி என்னத்துக்காகும்?"

கையிலிருந்த கிடாரை மெதுவாகத் தரையில் வைத்தேன்.

கிடாரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கச் சொன்னார் அக்கா. மரம் ஊறிப் பாழாகிவிடும், நாளை மறுநாள் கொழுந்தனார் வருகிறார் என்று அழாத குறையாகக் கெஞ்சினேன். "சரி, சும்மா இரு" என்றவர் ஈரச் சாக்கை விரித்து, குச்சியில் ஈரத் துணியைச் சுற்றி, ஓட்டை வழியாக விட்டு மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தார். அழுத்தித் தேய்க்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் துணியைப் பெரிய வாளித் தண்ணீரில் அலசினார்.

நடுவில் டீக்கடையிலிருந்து மாமனார் வந்தார். அக்கா அவரையும் விட்டுவைக்கவில்லை. "இம்புட்டு வருசம் மருந்துல கெடந்தவுக நீங்க. வேலைச் சட்டையப் போயி இது மேல மாட்டலாமா?"

மாமனார் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உறை இல்லையேத்தா. அவம் பொருளு. தூசி விழக் கூடாதேன்னுதான் மூடி வச்சேன்."

நான் ஏதோ சோம்பேறித்தனம் என்றல்லவா நினைத்திருந்தேன்! மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து துணி அலசிக் கொடுத்தார்.

ஆபீஸில் மிஞ்சும் கழிவுத் தாளைக் கசக்கி உள்ளே திணித்தேன். ஈரத்தையும் நாற்றத்தையும் அது இழுத்துக்கொண்டது. தாளை மாற்றி மாற்றி இரண்டு நாள் நிழலில் காயவைத்து, கடைசியாக ஒரு பிடி வெட்டிவேரைத் துணியில் முடிந்து போட்டேன். முக்கால்வாசி நெடி போய்விட்டது. மிச்சத்தை என்ன செய்தும் போக்க முடியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். கம்பி இல்லாத கிடாரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நான் எதற்குப் பயந்தேனோ அதையே செய்தார். குனிந்து ஓட்டையில் மூக்கை வைத்தார். வைத்தவர் நிமிரவே இல்லை.

"மதினி, அப்பா வாசம் அடிக்குது" என்றார்.

சட்டைக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே இருந்த மாமனார் வெளியே வந்து, மகன் முகத்தைப் பார்க்காமல் கிடாரைப் பார்த்தபடி சொன்னார்: "கம்பி இங்கன கெடைக்காதுலே. மதுரைக்குத்தான் போகணும். சனிக்கெழம போவோம், நானும் வாரேன்."

சொன்னபடியே இரண்டு பேரும் போய்விட்டு வந்தார்கள்.

அந்த அக்கா தன் பிள்ளையைத் தொடாமல் எட்டி நின்றதும், மாமனார் தன் சட்டையைப் போட்டு அந்தக் கிடாரை மூடியதும் ஒரே அன்புதான். ஒன்று விவரம் தெரிந்தது, ஒன்று தெரியாதது. இரண்டையும் பக்கத்திலேயே இருந்து பார்த்தும் ஒன்றைத் திமிர் என்றும் இன்னொன்றை அலட்சியம் என்றும் நினைத்திருந்தேனே என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.