மாற்றுச்சேலை

மகள் வற்புறுத்தியதால் ஓய்வுக்கென்று மணப்பாட்டுக்கு வந்தால், விடுதி முற்றத்தில் நனைந்த பனையோலை வாசம். ஏற்கெனவே அசந்திருந்த உடம்பு இன்னும் தளர்ந்தது. முன்பு இதே கரையில் ஓர் ஓலைக்கொட்டகை இருந்தது. வாழைத்தோட்ட வேலை ஓய்ந்ததும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி வருவோம், அம்மா கடலில் இறங்குவாள், நான் அவளது மாற்றுச்சேலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அலைக்குப் பிறகும் அவள் தலை தெரிகிறதா என்று பார்த்தபடியே கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன்.

“ஏட்டி, கடலு உங்கம்மையத் தின்னுருமா? பைய வாரேன், சேலையக் கசக்காத,” என்று சிரிப்பாள்.

கொட்டகையைக் கடல் கொண்டுபோய்விட்டது. அம்மா போனது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

“நீயும் வாம்மா, ரெஸ்ட் எடுக்கத்தான வந்தோம்!” அலைக்குள் நின்று மகள் கூப்பிடுகிறாள்.

வருகிறேன் என்று கையாட்டுகிறேன். என் மடியில் அவளது துண்டு கசங்கிக் கிடக்கிறது.