ஒரு மாதக் கடற்காற்று

உதகமண்டலத்தில் நிருபர் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்த வருஷம் பங்குனி பிறந்தும் குளிர் விடவில்லை. என் மனைவி கோமதிக்கு இரண்டு வருஷமாக இருமல். சளியைச் சோதித்த டாக்டர் க்ஷயம் இல்லை என்று எழுதியே கொடுத்தார். ஆனால் இன்னொரு குளிர்காலத்தை இந்த நெஞ்சு தாங்காது, ஒரு மாதமாவது கடற்காற்றில் வைத்திருங்கள் என்றார். மகள் சாரதாவுக்குப் பள்ளி விடுமுறை. சென்னைக்குப் புறப்பட்டோம். குறைந்த செலவில் அப்படிக் கிளம்ப நினைக்கும் மலைக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹோட்டல் நமக்குக் கட்டாது. மயிலாப்பூர்க் குளத்துக்குக் கிழக்கே ஒரு வீட்டின் பின்கட்டை மாதம் பன்னிரண்டு ரூபாய்க்குக் கடிதத்திலேயே பேசி முடித்தேன். கடற்கரை ஒரு மைலுக்குள். மதியம் மலை ரயில், மேட்டுப்பாளையத்தில் இரவு வண்டி, காலை எட்டு மணிக்குச் சென்ட்ரல். மூன்றாம் வகுப்பில் இரண்டரை டிக்கெட், போக மட்டும் பதினெட்டு ரூபாய்.

மயிலாப்பூருக்கு ஜட்கா பத்தணா. ஓட்டியவர் காதர் பாய்.

“அம்மா ரொம்ப இருமிக்கினு கீதே சார். இன்னா, ஊட்டிக் குளிரையும் மூட்டை கட்டிக்கினு வந்துட்டீங்களா?”

கோமதி சிரித்தாள். சிரித்ததில் இருமல் கூடியது.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கோர்ட்டு குமாஸ்தா. வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார். டாக்டர் சீட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

“இருக்கட்டும் ஸார். ஆத்துல நாலு குழந்தைகள் இருக்கு. இப்படி இருமல்னு நீங்க எழுதலையே?”

நான் கடிதத்தோடு அனுப்பியிருந்த முன்பணத்தை எண்ணாமல் என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

காதர் பாய் போகாமல் நின்றிருந்தார். “தியாகராய நகர்ல புது வூடுங்க நெறைய கீது, குந்துங்க” என்றார். இரண்டரை மைல். இரண்டு வீடுகளில் முதல் இருமலோடு பேச்சு முடிந்தது. மூன்றாவது வீட்டில் கோமதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டு அம்மாள் அறையைக் காட்டினாள், வாடகை பேசினாள், சாவியும் எடுத்து வந்தாள். அப்போது வந்துவிட்டது. சாரதா முன்னால் ஓடி, “நான்தான் இருமினேன்” என்றாள்.

அந்த அம்மாள் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். “எனக்கும் ஒரு பொண்ணு இருக்கும்மா” என்றாள். சாவி அவள் இடுப்புக்கே திரும்பியது.

அறுபத்து மூவர் உற்சவ வாரம். மயிலாப்பூர்ச் சத்திரங்களில் இடமில்லை. சைதாப்பேட்டையில் ஒன்று கிடைத்தது. மூன்று நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது அங்கே விதி.

மறுநாள் மாலை காதர் பாய் அடையாற்றுப் பாலம் தாண்டி ஊரூர்க் குப்பத்துக்கு ஓட்டிப்போனார். மீன் விற்று முடித்த ஒரு பெண் கோமதியைப் பார்த்தாள். “படகோரமா குந்து தாயி, காத்து நல்லா வருது.” கோமதி உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் ஒரு தடவைகூட இருமவில்லை. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னது சரிதான். இங்கே ஒரு குடிசை கிடைக்குமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“எட்டுப் பேரு ஒருக்களிச்சுப் படுக்கிறோம் சாமி. எங்க வுடறது?”

நான்காம் நாள் திரும்பினோம்.

போகிறவர்கள் பங்குனி உற்சவ வாரத்தைத் தவிர்க்கவும். ஒருவர் முன்னால் போய் வீட்டைப் பார்த்து வைக்கவும். நோயாளி இருந்தால் கடிதத்திலேயே எழுதி, டாக்டர் சீட்டின் நகலையும் வைக்கவும். நானும் இருமலைப் பற்றி முதலில் எழுதத்தான் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, வேறு தாளில் கடிதத்தைச் சுத்தமாகப் பெயர்த்தெழுதினேன். உண்மையைப் படித்தபின் சம்மதித்திருக்கக்கூடிய ஒருவர் சென்னையில் இருந்தாரா என்பது இனித் தெரியப்போவதில்லை.

குன்னூர் தாண்டியதும் ஜன்னல் வழியே குளிர் அடித்தது. கோமதி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

“இனிமே இருமலாம், இல்லையா?” என்று கேட்டாள்.